ஊருணிக் கரையைச் சென்ற ஆண்டு வழித்தெடுத்துக் கெடுத்துவிட்டோம்; இந்த ஆண்டு புல்லை எப்படி அறுப்பது?

செம்மண்காடு (சிவகங்கை மாவட்டம்), ஆகஸ்ட் 17, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஊருணி ஏறத்தாழ இரண்டு ஏக்கர். தெற்கே கல் படித்துறை. மற்ற மூன்று பக்கமும் மண் கரை, ஆள் உயரத்துக்குச் சற்று மேல். கரையின் நீளம் 900 அடி. வடமேற்கு மூலையில் வரத்துக்கால் வந்து சேர்கிறது. தென்கிழக்கில், மிகுந்த நீர் வெளியேற, பலகை வைத்து அடைக்கும் சிறிய கலுங்கு ஒன்று இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது இதுதான் ஊரின் குடிநீர். செருப்புக் காலோடு கரையேறினால் யார் வீட்டுப் பிள்ளை என்றுகூடப் பாராமல் அதட்டுவார்கள். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு கரைப்பக்கம் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இடுப்பளவு புல், நடுநடுவே சீமைக் கருவேலம், உடைந்த பாட்டில்கள்.

சென்ற ஆண்டு ஊரில் பணம் திரட்டி, நான்தான் முன்னின்று, மண் அள்ளும் இயந்திரத்தை வைத்துக் கரையைச் சுத்தமாக வழித்துவிட்டேன். ஒரு புல் இல்லாமல் செக்கச் செவேலென்று இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். ஐப்பசியில் இரண்டு இரவு நல்ல மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் வடகரையில் ஏழு இடங்களில் முழங்கை ஆழத்துக்கு அரித்திருந்தது. ஓரிடத்தில் பத்தடி நீளத்துக்கு மண் சரிந்து உள்ளே போய்விட்டது. கோடையில் தூர்வாரிய மண்ணில் ஒரு பங்கு திரும்பவும் ஊருணிக்குள்ளேயே கிடக்கிறது.

இப்போது புல் மறுபடியும் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. நேற்று முன்தினம் கிராம சபையில் மீண்டும் இயந்திரம் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். எப்படி, எப்போது, எவ்வளவு உயரம் விட்டு அறுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்போரம் (தஞ்சாவூர் மாவட்டம்), ஆகஸ்ட் 17, இரவு 10.25

ஆள் கிடைப்பதுதான் இன்று பெரும்பாடு. களைக்கொல்லி அடித்துவிடுங்கள். என் வயல் வரப்பில் அடித்தேன், மூன்று மாதம் புல் தலைகாட்டவில்லை. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

ஆள்காட்டி (திருநெல்வேலி), ஆகஸ்ட் 18, காலை 6.15

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வரப்புக்கு அடிப்பதே எனக்கு உடன்பாடில்லை. இது தண்ணீரின் விளிம்பு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்துவிட்டது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், இலையில் ஒட்டிப் பரவுவதற்காக அந்த மருந்தில் சேர்க்கும் பொருள் தலைப்பிரட்டைகளைக் கொல்லக்கூடியது. ஊருணி விளிம்பில்தான் அவை கூட்டம் கூட்டமாக இருக்கும்.

இன்னொன்று, அது புல்லை வேரோடு கொல்கிறது. செம்மண்காடு அவர்கள் சென்ற ஆண்டு பட்ட பாடு வேர் போனதால் வந்ததுதானே? இயந்திரம் செய்ததை மருந்தும் செய்யும்.

மதகடி (மதுரை), ஆகஸ்ட் 18, முற்பகல் 11.50

கண்மாய் வேலைகளில் 31 ஆண்டு பணி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் தம்பி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மண் கரைக்குத் தோல் புல்தான். மழைத்துளி விழும் வேகத்தை இலை வாங்கிக்கொள்கிறது. சரிவில் ஓடும் நீரைத் தாள் தடுத்து மெதுவாக்குகிறது. மண்ணை வேர் கட்டிப் பிடிக்கிறது. நீங்கள் தோலை உரித்துவிட்டு மழையில் நிறுத்திவிட்டீர்கள்.

அப்படியானால் அறுக்காமலே விட்டுவிடலாமா என்றால் அதுவும் கூடாது. நாங்கள் கரையில் புல் அறுக்கச் சொல்வது அழகுக்காக அல்ல. கரையைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். எலி வளை, நண்டு வளை, வெடிப்பு, வெளிச்சரிவில் ஈரம் கசியும் இடம், இவற்றையெல்லாம் இடுப்பளவு புல் மூடிவிடும். உடைந்த கரைகளை நான் பார்த்த வரையில், உடைவதற்கு முன்பே அது ஏதாவது ஓர் அடையாளம் காட்டியிருக்கும். பார்க்கத்தான் ஆள் இருந்திருக்காது, அல்லது புதர் மறைத்திருக்கும்.

ஆகவே கரையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிச்சரிவும் அதன் அடியும்தான் கசிவு தெரியும் இடம். அங்கே நான்கு விரற்கடை உயரம் விட்டு அறுக்க வேண்டும், மண் தெரியக் கூடாது. கரையின் மேல்தளத்தை நடப்பதற்கு ஏற்ப இன்னும் சற்றுக் குட்டையாக வைக்கலாம். உள்சரிவில் மேல்பாதியை மட்டும் அறுத்து, தண்ணீர் விளிம்பை ஒட்டி ஒரு கஜ அகலத்துக்குக் கோரையையும் புல்லையும் விட்டுவிடுங்கள். அலை அங்கே வந்து மோதி ஓய்ந்துவிடும். மேலிருந்து வரும் மண்ணும் சாணமும் அதில் தங்கும்.

காலம்: புரட்டாசி முதல் பாதிக்குள் முடித்துவிடுங்கள். அறுத்த புல் துளிர்த்துத் தரையை மூட மூன்று வாரமாவது வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அரிவாளே படக் கூடாது. பிறகு தை கடைசியிலோ மாசியிலோ ஒருமுறை.

சரிந்த பத்தடியை என்ன செய்தீர்கள்?

செம்மண்காடு, ஆகஸ்ட் 18, இரவு 8.05

ஐயா, மிக்க நன்றி. சரிந்த இடத்தில் இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டி மட்டம் செய்தோம். இப்போது கை வைத்தால் பொலபொலவென்று உதிர்கிறது.

பாம்புப் பயம்தான் ஊரில் பெரிய தடை. சென்ற மாதம் கரையோரம் கண்ணாடி விரியன் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். புல்லை விட்டுவைக்கலாம் என்று நான் சொன்னால், உன் பிள்ளை போகிற பாதையாக இருந்தால் இப்படிச் சொல்வாயா என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதே.

வடகரை மேல்தளத்தில் இரண்டு பனையும் உள்சரிவில் ஐந்தாறு சீமைக் கருவேலமும் நிற்கின்றன. எடுத்துவிடலாமா?

மதகடி, ஆகஸ்ட் 19, காலை 7.30

கொட்டி வைத்த மண் கரையாகாது. சரிந்த இடத்தில் உதிரி மண்ணை எடுத்துவிட்டுப் பழைய கெட்டி மண்ணில் படிப்படியாக வெட்டுங்கள். அப்போதுதான் புது மண்ணும் பழைய மண்ணும் கவ்வும். அரை அடிக்கு ஒரு வரிசையாக மண் போட்டு, லேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் இடியுங்கள். களிப்புள்ள மண் வேண்டும். வெறும் கிராவல் நீரைப் பிடிக்காது. ஊருணிக்குள் கிடக்கும் வண்டலை முறையாக அனுமதி பெற்று எடுத்துக் கலக்கலாம், ஆனால் கரை அடியை ஒட்டித் தோண்டிவிடாதீர்கள். அடி இல்லாமல் கரை நிற்காது. முடித்த பிறகு அருகம்புல்லை மண்ணோடு சதுரம் சதுரமாகப் பெயர்த்து வந்து பதியுங்கள். சரிவில் வழுக்காமல் இருக்க மூங்கில் முளை அடியுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் தெளித்தால் அருகு கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடிவிடும்.

சீமைக் கருவேலம் கரையில் இருக்கக் கூடாது. அது பட்டுப்போன பின் வேர் மக்கி, கரைக்குள் குழாய் போல வழி விடும். ஆனால் இயந்திரத்தால் பிடுங்கினால் கரையே பெயர்ந்துவிடும். மேலே வெட்டினாலோ தூரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். சிறு மரங்களாக இருந்தால் தூரைச் சுற்றி ஓர் அடி ஆழம் தோண்டி, தூரோடு அறுத்து எடுத்து, குழியைச் சொன்னபடி இடித்து மூடுங்கள். பெரிய மரங்களைக் கோடைக்கு வையுங்கள். மழைக்கு முன் கரையில் பெரிய குழி வேண்டாம்.

பனையைத் தொடாதீர்கள். பனைக்கு ஆணிவேர் பருத்து ஓடுவதில்லை. சல்லி வேர் கொத்தாக இறங்கும். புதிதாக வைப்பதென்றால் மேல்தளத்தில் வேண்டாம், வெளிப்பக்கம் அடியை விட்டுத் தள்ளி வையுங்கள். மேலும் ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-இல் அறிவித்திருக்கிறார்கள்.

நீர்க்கட்டி பேரன் (மேலூர்), ஆகஸ்ட் 19, பிற்பகல் 2.10

மதகடி ஐயா சொன்ன "கரையைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும்" என்ற வரியைப் படித்ததும் என் தாத்தா நினைவு வந்துவிட்டது. அவர் எங்கள் கண்மாய்க்கு நீர்க்கட்டி, அதாவது நீரையும் கரையையும் கவனிக்கும் ஊர்ப் பணியாளர். மழைக்காலத்தில் விடியுமுன் கையில் ஒரு கம்போடு கரையின் வெளிப்பக்க அடியில் நடப்பார், மேலே நடக்க மாட்டார். பத்தடிக்கு ஒருமுறை கம்பைத் தரையில் ஊன்றி எடுப்பார். நுனியில் ஒட்டும் மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு நடப்பார். நேற்றைவிட ஈரம் கூடியிருக்கிறதா என்று அவர் விரலுக்குத் தெரியும். அதற்குக் கூலியாக அறுவடையில் களத்து நெல் கொடுத்தார்கள்.

கரை பார்ப்பது ஊர்க் கடமையாக இருந்த நாடு இது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை எடுத்து ஆள் தேர்ந்ததைப் பார்க்கிறோம். ஊரார் கூடி உழைத்துக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வராதவர்களிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு வாங்கலாம் என்று 1858-இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். பழைய முறையில் நல்லது மட்டும் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தாத்தாவைக் கரையைக் காக்க விட்டவர்கள் படித்துறையில் இறங்க விடவில்லை. அதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். இப்போது செய்யும்போது எல்லாத் தெருவுக்கும் வேலையிலும் பங்கு, தண்ணீரிலும் பங்கு என்று வைத்துச் செய்யுங்கள்.

நாலுமாட்டுக்காரி (மணப்பாறை), ஆகஸ்ட் 19, இரவு 9.15

ஆளில்லை ஆளில்லை என்கிறீர்கள், புல்லைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை யாரும் கேட்கவில்லையே. எனக்கு நான்கு கறவை மாடு. புரட்டாசியில் பசும்புல்லுக்கு நான் அலைகிற அலைச்சல் எனக்குத்தான் தெரியும். எங்கள் ஊர்க் குளத்தில் மூன்று ஆண்டாக இப்படித்தான் செய்கிறோம்: மகளிர் குழுவில் மாடு வைத்திருக்கும் பதினோரு பேர் கரையைப் பங்கு போட்டுக்கொண்டோம். என் பங்குப் புல் எனக்கு, காசு இல்லை. அதற்குப் பதிலாக என் பங்கில் பாட்டில் பொறுக்குவது, முள் எடுப்பது, வளை இருந்தால் சொல்வது என் பொறுப்பு.

உயரம் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். கருக்கரிவாளால் அறுக்கும்போது இடது கையால் ஒரு பிடி புல்லைச் சேர்த்துப் பிடித்து, பிடிக்குக் கீழே அரிவாளைக் கொடுத்து நம் பக்கம் இழுப்போம். கையின் சுண்டு விரலுக்கும் தரைக்கும் இடையில் எப்படியும் நான்கு விரல் இடம் நின்றுவிடும். மண்ணோடு ஒட்ட அறுத்தால் அரிவாள் கல்லில் பட்டுக் கருக்கு மழுங்கும், புல்லில் மண் ஒட்டினால் மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஆகவே எந்தப் புல்லுக்காரியும் கரையை மொட்டையடிக்க மாட்டாள்.

ஆட்டை மட்டும் மழைக்காலத்தில் கரையில் ஏற்றாதீர்கள் தம்பி. ஈரமான சரிவில் குளம்பு பட்ட இடமெல்லாம் பெயரும். மாடு தினமும் ஒரே இடத்தில் இறங்கினால் அதுவே ஓடையாகிவிடும்.

பாம்புக்கு: அறுக்கும் முன் ஒருவர் நீளக் கம்பால் தட்டிக்கொண்டே முன்னே போக வேண்டும். காலையில் வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். ரப்பர் பூட்ஸ் போடுங்கள். படித்துறைக்குப் போகும் பாதையில் இருபுறமும் ஆறடி குட்டையாகவே வைத்துவிட்டால் ஊர் வாய் அடங்கும்.

வார்டுப் பிரதிநிதி (புதுக்கோட்டை மாவட்டம்), ஆகஸ்ட் 20, காலை 10.00

ஆண்டுதோறும் அறுத்துக்கொண்டிருப்பதைவிட ஒரேயடியாக உட்புறம் கான்கிரீட் சரிவு, மேலே நடைபாதைக் கல், கம்பி வேலி என்று திட்டம் கேட்டு எழுதிவிடுங்கள். மக்கள் நடைப்பயிற்சி போவார்கள், குப்பை போட மாட்டார்கள். எங்கள் ஊரில் செய்திருக்கிறோம். விளக்குக்கூடப் போட்டிருக்கிறோம்.

ஆள்காட்டி, ஆகஸ்ட் 20, முற்பகல் 11.20

உங்கள் நோக்கம் புரிகிறது ஐயா. ஆள் நடமாட்டம் இருந்தால் கரை பிழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நான்கு பக்கமும் கான்கிரீட் பூசினால் அது தொட்டிதான். ஆமை ஏற வழியில்லை. தாழைக்கோழி கூடு கட்ட ஒரு கோரைத் தட்டை இல்லை. மீன் குஞ்சு ஒதுங்க ஒரு புல் நிழல் இல்லை. ஆடு ஒன்று வழுக்கி விழுந்தால்கூட ஏற முடியாது.

மதகடி, ஆகஸ்ட் 20, பிற்பகல் 1.45

கல் பதிப்பதை முழுக்கத் தள்ள வேண்டாம். பெரிய கண்மாயில் காற்றை எதிர்கொண்டு அலை வந்து மோதும் பக்கத்தில் உள்சரிவில் கல் வேண்டும், இல்லாவிட்டால் அலையே கரையைத் தின்றுவிடும். இரண்டு ஏக்கர் ஊருணியில் எழும் அலைக்குக் கோரை போதும். கான்கிரீட்டுக்கு அடியில் மண் கரைந்து போனாலும் மேலே தெரியாது. ஒரு நாள் பலகை பலகையாக உள்ளே இறங்கும்போதுதான் தெரியும். மேல்தளம் ஆமை முதுகு போல நடுவில் சற்று உயர்ந்து இருந்தால் போதும். வண்டித் தடத்தில் தேங்கும் நீர் ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் அரிப்பு தொடங்குகிறது. முதலில் கரைமேல் டிராக்டர் போவதை நிறுத்துங்கள்.

குளக்கட்டு (வவுனியா, இலங்கை), ஆகஸ்ட் 20, இரவு 7.30

வணக்கம். நீங்கள் கரை என்பதை நாங்கள் குளக்கட்டு என்போம். மடையைத் துருசு, கலுங்கை வான் என்போம். சொற்கள் வேறு, சிக்கல் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் 200 ஏக்கருக்கு உட்பட்டுப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களம் என்ற அரசுத் துறையின் கீழ் வருகின்றன. காலபோகம் என்னும் மாரிக்காலப் பயிர்ச்செய்கை தொடங்குமுன் கமக்கார அமைப்பு (உழவர் அமைப்பு) கூடி, எவருக்கு எவ்வளவு வயல் இருக்கிறதோ அந்த அளவுக்குக் கட்டில் நீளம் பிரித்துக் கொடுப்பார்கள். அவரவர் பங்கை அவரவர் துப்புரவு செய்ய வேண்டும். தங்கள் பங்கு எந்த மரத்திலிருந்து எந்தக் கல் வரை என்று பிள்ளைகளுக்கும் தெரியும். மணப்பாறை அக்கா சொன்னது அதே முறைதான்.

கட்டின் மேல் மரம் வளர விடமாட்டோம். கட்டுக்குக் கீழே கசிவு ஈரம் நிற்கும் பகுதியில் மருதும் மற்ற மரங்களும் நிற்கும், அதைத் தொட மாட்டோம். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக ஆள் போகாத கட்டுகளில் மரம் வளர்ந்து, திரும்பி வந்தபோது எது கட்டு எது காடு என்று தெரியவில்லை. அவற்றை மீட்கப் பட்ட பாட்டை நினைத்தால், ஆண்டுக்கு இரண்டு நாள் துப்புரவு பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

வரப்போரம், ஆகஸ்ட் 21, காலை 8.00

களைக்கொல்லி பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வரப்புக்கும் அடிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பக்கம் இளைஞர்கள் கைஃபா என்ற அமைப்பாகச் சேர்ந்து பெரியகுளத்தைத் தூர்வாரியதை நேரில் பார்த்தவன் நான். நானே இப்படி எழுதியிருக்கக் கூடாது.

என்னிடம் பிரஷ் கட்டர் ஒன்று இருக்கிறது. மாட்டுக்கு ஆகாத முற்றிய புல்லுக்கு அது உதவுமே? கரையில் ஓட்டுவதற்கு ஏதாவது பக்குவம் உண்டா?

ஆள்காட்டி, ஆகஸ்ட் 21, இரவு 9.00

உதவும். நானும் ஓட்டுகிறேன். முதலில் கரை முழுக்க நடந்து பாட்டில், கம்பி, கல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். சுழலும் பிளேடில் பட்ட கண்ணாடித் துண்டு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி, முகமூடி, முழங்கால் வரை பூட்ஸ் இல்லாமல் தொடாதீர்கள். 50 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்.

சரிவில் ஏறி இறங்கி வெட்டாமல் பக்கவாட்டில் நடந்து வெட்டுங்கள். வெட்டு வலமிருந்து இடமாகப் போகும். புல் இடப்புறம் விழும். ஆகவே உள்சரிவில் தண்ணீர் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்குமாறு நடந்தால் புல் மேட்டுப் பக்கம் விழும், தண்ணீரில் விழாது. வெட்டிய புல் ஊருணிக்குள் கிடந்து அழுகினால் நீரில் பிராணவாயு குறைந்து மீன் செத்து மிதக்கும். பெட்ரோல் ஊற்றுவதைக் கரைக்கு வெளியே சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கரையையும் ஒரே நாளில் முடிக்காமல் ஒன்றை முடித்துப் பத்து நாள் கழித்து அடுத்ததைத் தொடங்குங்கள். உயிர்கள் இடம் மாற அவகாசம் வேண்டும்.

பங்குனி முதல் ஆடி வரை நான் இயந்திரத்தைக் கரையில் வைப்பதே இல்லை. ஒரு சித்திரையில் வெட்டிக்கொண்டு போகும்போது ஆள்காட்டிப் பறவை ஒன்று தலைக்கு மேல் விடாமல் கத்திக்கொண்டே சுற்றியது. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, சரளைக் கற்கள்தான். பிறகு கற்களில் நான்கு மட்டும் ஒரே அளவாக, கூர்முனை உள்நோக்கி இருந்தன. முட்டைகள்! கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை, வெறும் குழி. இன்னும் இரண்டடி எடுத்து வைத்திருந்தால் போயிருக்கும். அன்று வைத்த பெயர்தான் இந்தத் தளத்தில் என் பெயர்.

செம்மண்காடு, அக்டோபர் 4, இரவு 8.50

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கரையை முப்பது அடிக்கு ஒரு பங்காக அளந்து முப்பது குச்சி நட்டோம். ஊரில் மாடு வைத்திருக்கும் பதினான்கு வீடு வந்தது. மீதியை இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், அதற்காக மாற்றவில்லை. பாட்டில் மட்டும் ஒன்பது சாக்கு.

கிழக்கு, வடக்கு, மேற்கு என்று இடைவெளி விட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அறுத்து முடித்தோம். வடகரையில் சரிந்த இடத்தை மதகடி ஐயா சொன்னபடியே படி வெட்டி, இடித்து, அருகு பதித்தோம். திமிசுக் கட்டை எங்கள் ஊரில் யாரிடமும் இல்லை. பழைய தேக்குத் தூணை அறுத்துக் கைப்பிடி போட்டுச் செய்தோம். சிறு கருவேலம் நான்கைத் தூரோடு எடுத்தாயிற்று. பெரியது இரண்டு கோடைக்கு.

விளிம்பில் விட்ட ஒரு கஜக் கோரையைப் பற்றி ஊரில் இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது.

செம்மண்காடு, நவம்பர் 23, இரவு 10.35

அவசரம். மாலையிலிருந்து மழை. ஊருணி கலுங்கைத் தொட்டுவிட்டது. கிழக்குக் கரையின் வெளிப்பக்க அடியில் விரல் கனத்துக்குத் தண்ணீர் வருகிறது. புல் குட்டையாக இருந்ததால் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. என்ன செய்வது? களிமண் வைத்து அடைத்துவிடலாமா?

மதகடி, நவம்பர் 23, இரவு 10.42

வெளிப்பக்கம் அடைக்காதீர்கள்! அடைத்தால் நீர் உள்ளேயே அழுந்தி வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பதற்றம் வேண்டாம். கலங்கலாக இருந்தால் கரைக்குள்ளிருந்து மண் வருகிறது என்று பொருள். எது?

செம்மண்காடு, நவம்பர் 23, இரவு 10.51

கலங்கல். டம்ளர் அடியில் செம்மண் படிகிறது.

மதகடி, நவம்பர் 23, இரவு 10.55

கலுங்குப் பலகையை எடுத்து நீர்மட்டத்தை இறக்குங்கள். கசியும் வாயின் மேல் ஆற்று மணலைப் பரப்புங்கள், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி. சுற்றிலும் மண் மூட்டையை வளையமாக அடுக்குங்கள். நீர் வரட்டும், மண் வரக் கூடாது. அவ்வளவுதான் இன்றிரவு. ஊராட்சிக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். கரைக்குக் கீழே வீடு இருந்தால் எழுப்பிவிடுங்கள். கரைமேல் கூட்டம் வேண்டாம்.

செம்மண்காடு, நவம்பர் 24, காலை 6.40

கரை நிற்கிறது. கீழே இருந்த மூன்று வீட்டாரையும் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். பள்ளிக் கட்டடத்துக்குக் கொட்டி வைத்திருந்த மணலையும் ஜல்லியையும் கேட்டு எடுத்தோம். மூட்டை 60. இரண்டு மணிக்கு மேல் வந்த தண்ணீரைப் பிடித்துப் பார்த்தேன், டம்ளரின் அடி தெரிந்தது. விடிய விடிய ஆள் மாற்றி ஆள் நின்றோம். பங்கு எடுத்த வீடுகளில் ஒன்றிலிருந்தும் ஆள் வராமல் இல்லை.

மட்டம் முக்கால் அடி இறங்கியதும் உட்பக்கம் வாய் தெரிந்தது. நண்டு வளை, நான்கு விரல் நுழையும் அகலம். களிமண்ணைப் பிசைந்து உள்ளே செலுத்தி இடித்து அடைத்திருக்கிறோம்.

மதகடி, நவம்பர் 24, காலை 7.05

உட்பக்கம் அடைத்தது சரி. மூட்டையை இந்த மழை முடியும் வரை அசைக்காதீர்கள். கோடையில் அந்த இடத்தில் கரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்து, வளை போன தடம் முழுவதையும் திறந்து இடித்து நிரப்ப வேண்டும். மறந்துவிடாமல் இன்றே ஒரு கல் நட்டு அடையாளம் வையுங்கள். போய்க் கொஞ்சம் தூங்குங்கள் தம்பி.

நீர்க்கட்டி பேரன், நவம்பர் 24, காலை 7.20

டம்ளரில் பிடித்துப் பார்த்தீர்கள் என்பதைப் படித்து நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தாத்தா உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார்.

நாலுமாட்டுக்காரி, ஜனவரி 22, இரவு 8.10

தம்பி, மழை முடிந்துவிட்டதே, கரை எப்படி இருக்கிறது? வடகரை அருகு பிடித்ததா?

செம்மண்காடு, ஜனவரி 23, காலை 7.00

பிடித்துவிட்டது அக்கா. முளைகளைப் பிடுங்கிவிட்டோம், எது பழைய கரை எது புதுக் கரை என்று அடையாளம் தெரியவில்லை. இந்த மழையில் வடகரை ஓரிடத்திலும் அரிக்கவில்லை. மேற்கே டிராக்டர் தடம் இருந்த இடத்தில் மட்டும் சிறு ஓடை விழுந்திருக்கிறது, அதை மாசிக்குள் சரி செய்துவிடுவோம். கிழக்கில் நட்ட கல் அப்படியே இருக்கிறது. 26-ஆம் தேதி கிராம சபையில், கோடையில் அதை வெட்டிப் பார்க்கத் தீர்மானம் வைக்கிறோம்.

முப்பது பங்கையும் கேட்டு இப்போது நாற்பத்திரண்டு வீடு வந்திருக்கிறது. மாசி முதல் ஞாயிறு அடுத்த அறுப்பு. வடகிழக்கு மூலையில் ஒரு வாரமாக இரண்டு ஆள்காட்டிகள் நடமாடுகின்றன. அந்த இரண்டு பங்கையும் மாசியோடு அறுத்துவிட்டு ஆவணி வரை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லி, சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டிருக்கிறேன்.